எரிக் பிரைமர் சோடி: வாங்கலாம், ஆனால் ஒரே ஜெல்லுக்குள் மட்டும் நம்புங்கள்

எரிக் பிரைமர் சோடியை, அதாவது டி.என்.ஏ.யில் ஒட்டி அங்கிருந்து பிரதியெடுப்பைத் தொடக்கிவைக்கும் இரண்டு சிறு டி.என்.ஏ. துண்டுகளை, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில்: வாங்கலாம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் திருகோணமலையில், ஒரு தேர்மல் சைக்கிளரும் (மாறி மாறிச் சூடாக்கிக் குளிர்வித்து டி.என்.ஏ.யைப் பெருக்கும் பி.சி.ஆர். இயந்திரம்) டி.என்.ஏ. துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஒரு ஜெல் தொட்டியும் மட்டும் உள்ள ஆய்வுகூடத்துக்கு, பற்றீரியா ஐசோலேட்டுகள் (மாதிரியிலிருந்து தனியே பிரித்து வளர்த்தவை) ஒன்றா வேறா என்று பார்க்க இதைவிட மலிவான வழி தேடுவது கடினம். ஆனால் இந்தப் பிரைமர்களைப் பற்றிக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதிகளில் எழுதப்படுவதில் கணிசமான பகுதியை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

பொருள் இதுதான்: தலா 22 எழுத்து (டி.என்.ஏ.யின் ஏ, ரி, ஜி, சி என்ற காரங்கள்) நீளமான இரண்டு பிரைமர்கள், எரிக் 1ஆர், எரிக் 2. பிரைமர் செய்து தரும் எந்த நிறுவனத்திடமும் வரிசையைக் கொடுத்து, எழுத்துக்கு இவ்வளவு என்ற விலையில் எடுக்கலாம். 22 எழுத்துக்கு உப்பு நீக்கிய தரமே போதும். உயர்தரச் சுத்திகரிப்புக்குக் கூடுதல் பணம் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

எதைப் பிடிக்கின்றன, எதைப் பிடிப்பதில்லை

பற்றீரியாவின் மரபுத்தொகையில் (முழு டி.என்.ஏ.) மரபணுக்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம் குறைவு. அந்தக் குறுகிய இடங்களிலும் ஒரே மாதிரியான சிறு துண்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. குடற் பற்றீரியாக்களான ஈ.கோலையிலும் சல்மொனெல்லாவிலும் 1980களின் தொடக்கத்தில் கவனிக்கப்பட்ட ரெப் துண்டுகள் 35 முதல் 40 எழுத்து நீளமானவை, ஈ.கோலையில் 500க்கு மேல் உண்டு. பிரைமர்களுக்குப் பெயர் தந்த எரிக் துண்டு அதைவிட நீளம், சுமார் 126 எழுத்து. நடுவில் தன்னோடு தானே மடிந்து ஒட்டக்கூடிய அமைப்புக் கொண்டது. 1990இலும் 1991இலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதை அறிவித்தன. பொக்ஸ் துண்டுகள் 1992இல் நியூமோகொக்கசில் கண்டறியப்பட்டவை. ஏ, பி, சி என மூன்று கூறுகள் சேர்ந்தவை. ரெப், எரிக் துண்டுகளிலிருந்து வெளிப்புறம் நோக்கும் பிரைமர்களை வைத்து இடைப்பட்ட பகுதிகளைப் பெருக்கினால், ஒவ்வொரு பற்றீரியா வகைக்கும் தனித்தனிப் பட்டை வரிசை (ஜெல்லில் தெரியும் கோடுகளின் அடுக்கு) கிடைக்கும் என்று 1991இல் வெர்சலோவிக், கோயூத், லப்ஸ்கி மூவரும் காட்டினார்கள். இன்று விற்பனைக்கு வருவது அவர்கள் வடிவமைத்த அதே சோடிதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஈ.கோலை கே-12இன் மரபுத்தொகை 46 இலட்சம் எழுத்துக்குச் சற்று மேல். அதில் எரிக் இருப்பது இருபது இடங்கள் அளவில். சராசரியாக இரண்டு எரிக் துண்டுகளுக்கு இடையே 2 இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகள். டி.என்.ஏ.யைப் பிரதியெடுக்கும் நொதியமான சாதாரண டாக் பொலிமரேஸ் இந்தத் தாக்கத்தில் 4,000 அல்லது 5,000 எழுத்தைத் தாண்டிப் பெருக்காது. அப்படியானால் ஜெல்லில் தெரியும் பத்துப் பன்னிரண்டு பட்டைகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பகுதி எரிக் துண்டுகளிலிருந்து அல்ல. பிரைமரின் 3' முனை (பிரதி நீளத் தொடங்கும் முனை) அரைகுறையாகப் பொருந்தும் வேறு இடங்களிலிருந்து வருகின்றன. எரிக் பிரைமர்கள் தரும் பட்டைகள் எரிக் துண்டுகளைச் சார்ந்தே இருக்க வேண்டும் என்பதில்லை என்று ஆய்வாளர்கள் கில்லிங்சும் ஹோலியும் 1997இல் சுட்டிக்காட்டினார்கள். எரிக்கே இல்லாத பற்றீரியாவிலும் இந்தச் சோடி அழகான பட்டைகளைத் தருவதற்குக் காரணமும் இதுவே.

இதனால் பொருள் கெட்டதாகிவிடாது. ஒரே டி.என்.ஏ., ஒரே கலவை, ஒரே இயந்திரம் என்றால் அரைகுறைப் பொருத்தமும் ஒரே மாதிரித்தான் நடக்கும். இரண்டு ஐசோலேட்டுகளை ஒப்பிட அது போதும். ஆனால் அரைகுறைப் பொருத்தம் என்பது வெப்பநிலைக்கும் மெக்னீசியத்துக்கும் டி.என்.ஏ. அளவுக்கும் உடனே அசைந்து கொடுக்கும் விடயம். கீழே சொல்லப்படும் கட்டுப்பாடுகள் எல்லாம் அதிலிருந்தே வருகின்றன.

ஓடர் கொடுக்கும்போது

இந்தச் சோடியில் ஆட்கள் அதிகம் இடறி விழும் இடம் ஆய்வுகூடமே அல்ல, ஓடர் படிவம். 1991ஆம் ஆண்டுக் கட்டுரையில் எரிக் 1ஆர் வரிசை 3' முனையிலிருந்து 5' முனைக்கு, அதாவது வழக்கத்துக்குத் தலைகீழாக அச்சிடப்பட்டிருந்தது. பிறகு வந்த பலர் முனைக் குறிகளைக் கவனிக்காமல் எழுத்துகளை மட்டும் அப்படியே பிரதிபண்ணினார்கள். அந்தத் தவறான வடிவம் இன்றும் கட்டுரைகளில் உலாவுகிறது. சரியான வடிவம், 5' முனையிலிருந்து:

எரிக் 1ஆர்: ஏரிஜி ரிஏஏ ஜிசிரி சிசிரி ஜிஜிஜி ஜிஏரி ரிசிஏ சி
எரிக் 2: ஏஏஜி ரிஏஏ ஜிரிஜி ஏசிரி ஜிஜிஜி ஜிரிஜி ஏஜிசி ஜி

எரிக் 1ஆர் ஏரிஜி என்று தொடங்க வேண்டும். சிஏசி என்று தொடங்கினால் அது திருப்பிப் போட்டது. இதில் எரிச்சலூட்டும் விடயம், திருப்பிப் போட்ட பிரைமரும் குறைந்த வெப்பநிலையில் எங்காவது ஒட்டிப் பட்டைகளைத் தரக்கூடும். ஆகவே பட்டை வந்தது என்பதை மட்டும் வைத்துப் பிரைமர் சரி என்று சொல்ல முடியாது. குழாயோடு வரும் தாளில் உள்ள வரிசையை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

உலர்நிலையில் வருவது திருகோணமலைக்குப் பெரிய வசதி. டாக் பொலிமரேசுக்குக் கொழும்பிலிருந்தே குளிர்ப்பெட்டி வேண்டும். பஸ்ஸில் ஏழு மணிநேரம் வரும் பொதியில் ஐஸ் உருகாமல் இருக்கிறதா என்று கவலைப்பட வேண்டும். உலர்ந்த பிரைமருக்கு அந்தக் கவலை இல்லை. சில நாள் அறை வெப்பத்தில் கிடந்தாலும் கெடாது. வந்ததும் மூடியைத் திறக்காமல் மையநீக்கியில் ஒரு நிமிடம் சுற்றுங்கள். குழாயின் அடியில் ஒட்டியிருக்க வேண்டிய படலம் பயணக் குலுக்கலில் கழன்று மூடியில் ஒட்டியிருக்கும். அப்படியே திறந்தால் காற்றாடியின் காற்றில் பறந்துவிடும்.

குழாயில் எழுதியிருக்கும் நனோமோல் எண்ணைப் பத்தால் பெருக்கினால் வரும் மைக்ரோலீற்றர் அளவு ரி.ஈ. தாங்கற்கரைசல் சேர்க்க 100 மைக்ரோமோலர் கிடைக்கும். ஈ.டி.ரி.ஏ. 0.1 மில்லிமோலர் உள்ள மென்மையான ரி.ஈ. நல்லது. அதை 50 மைக்ரோமோலராக ஐதாக்கிச் சிறு பங்குகளாகப் பிரித்து உறைநிலையில் வையுங்கள். தானாகப் பனி நீக்கும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதி இதற்குச் சரிவராது. அது நாளாந்தம் சூடேறி இறங்கும். 10 நனோமோல் கைக்கு வந்தாலே, தாக்கத்துக்கு 50 பிக்கோமோல் வீதம் 200 தாக்கங்கள் ஓடும். சிறிய ஆய்வுகூடத்துக்கு அது நீண்ட காலம் வரும்.

கலவை

மூல முறையில் மெக்னீசியம் குளோரைட்டு 6.7 மில்லிமோலர். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு மாஸ்டர் மிக்ஸில் (முன்கூட்டியே கலந்து விற்கும் பி.சி.ஆர். கலவை) அதே அளவு மெக்னீசியத்தை ஊற்றுபவர்களுக்கு ஜெல்லில் பட்டைக்குப் பதில் புகைபோன்ற மங்கல்தான் கிடைக்கும். காரணம், மூல முறையில் புதிய டி.என்.ஏ.யைக் கட்டும் அலகுகளான நியூக்கிளியோரைட்டுகள் தலா 1.25 மில்லிமோலர், நாலும் சேர்ந்து 5. அவை தங்கள் அளவுக்கு மெக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மிஞ்சுவது 1.7 மட்டுமே. இப்போது விற்கும் இரட்டைச் செறிவு மாஸ்டர் மிக்ஸில் நியூக்கிளியோரைட்டுகள் வழக்கமாகத் தலா 0.2, மொத்தம் 0.8. அதற்கு மெக்னீசியம் 3 மில்லிமோலர் இருந்தாலே 2.2 மிஞ்சும். போதும்.

25 மைக்ரோலீற்றர் தாக்கத்துக்கு: மாஸ்டர் மிக்ஸ் 12.5, ஒவ்வொரு பிரைமரும் (50 மைக்ரோமோலர்) 1, 25 மில்லிமோலர் மெக்னீசியம் குளோரைட்டு 1.5, டி.என்.ஏ. 2, நீர் 7. மாஸ்டர் மிக்ஸ் ஏற்கெனவே 1.5 மில்லிமோலர் மெக்னீசியம் தருகிறது என்ற கணக்கில் இது. உங்களுடையது 2 தருமானால் சேர்க்கும் அளவை 1ஆகக் குறைத்து நீரை 7.5 ஆக்குங்கள். மூல முறையில் 10 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானும் உண்டு. அது பிரைமர் ஒட்டும் வெப்பநிலையைச் சில பாகை இறக்கிவிடும், டாக்கின் வேகத்தையும் குறைக்கும். ஈ.கோலைக்கு அது இல்லாமலே வேலை நடக்கிறது. சேர்ப்பதென்றால் எல்லாக் குழாய்க்கும், எல்லா முறையும் சேர்க்க வேண்டும்.

டி.என்.ஏ. அளவு 50 முதல் 100 நனோகிராம். இதற்குள் எல்லா ஐசோலேட்டுகளையும் ஒரே செறிவுக்குக் கொண்டுவருவதுதான் முக்கியம். 10 நனோகிராமில் மேல்பட்டைகள் மறையும். 500இல் கீழே மங்கலான புதிய பட்டைகள் முளைக்கும். இரண்டையும் வேறு வேறு வகை என்று வாசித்து அறிக்கை எழுதிவிடலாம், அவ்வளவு நம்பும்படி இருக்கும்.

அறை வெப்பம் 32, 33 பாகையாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், மேசையில் வைத்துக் கலக்கும்போதே பிரைமர்கள் கண்ட இடத்தில் ஒட்டத் தொடங்கும். சாதாரண டாக் அந்த வெப்பத்திலேயே மெதுவாக நீட்டவும் தொடங்கும். சூடானால் மட்டும் விழிக்கும் வகை டாக் வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் ஐஸில் கலந்து, 95 பாகைக்கு ஏறிய பிறகே குழாய்களை இயந்திரத்தில் வையுங்கள். ஐஸிலிருந்து எடுத்த குழாயின் வெளியே நம் ஊர்க் காற்றின் ஈரம் துளித்துளியாகப் படியும். துடைத்துவிட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குழி மற்றவற்றைவிட மெதுவாகச் சூடாகும்.

ஆறு மணிநேரம்

சோடியின் பெரிய குறை நேரம். 95 பாகையில் 7 நிமிடம். பிறகு 94இல் 1 நிமிடம், 52இல் 1 நிமிடம், 65இல் 8 நிமிடம் என 30 சுற்று. கடைசியாக 65இல் 16 நிமிடம். கூட்டினால் 5 மணி 23 நிமிடம். ஏறி இறங்கும் நேரமும் சேர்ந்தால் ஆறு மணிநேரத்தைத் தொடும், பழைய இயந்திரமென்றால் தாண்டும். நீட்டும் படியை 72க்கு உயர்த்தி ஒரு நிமிடமாக்கி ஓட்டினால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். 52இல் அரைகுறையாக ஒட்டிய பிரைமர் 72க்கு ஏறுவதற்குள் கழன்றுவிடக்கூடும். மேலே இருக்கும் 2,000 எழுத்துக்கு மேற்பட்ட பட்டைகளும் போய்விடும். 8 நிமிடத்தை 4 ஆக்கிப் பார்க்கலாம். ஆனால் ஒருமுறை மாற்றினால் பழைய ஜெல்களை மறந்துவிட வேண்டும்.

ஆறு மணிநேரம் என்பது நம் பக்கத்தில் மின்சாரத்தோடு ஆடும் சூதாட்டம். 2022போல நாளாந்த மின்வெட்டு இல்லாவிட்டாலும், வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இடியோடு வரும் துண்டிப்பு உண்டு. பல இயந்திரங்கள் மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மற்ற பி.சி.ஆர்.களுக்கு அது வரம். எரிக்குக்கு அது கேடு. இடையில் அறை வெப்பத்துக்கு இறங்கிய பத்து நிமிடத்தில் பிரைமர்கள் மேலும் தளர்வாக ஒட்டி, இல்லாத பட்டைகள் பிறக்கும். இடையில் நின்ற ஓட்டத்தை வீசிவிடுங்கள், சேர்த்து வாசிக்க வேண்டாம். மின்பிறப்பாக்கி இருந்தாலும் அது எடுத்துக்கொள்ளும் சில விநாடிகளுக்கு யூ.பி.எஸ். வேண்டும். கணினிக்கு வைக்கும் சிறிய யூ.பி.எஸ். சைக்கிளர் சூடேறும் நேரத்து இழுவையைத் தாங்காது; இயந்திரத்தின் பின்புறத் தகட்டில் உள்ள உச்ச வாற்றைப் பார்த்து அதற்கு மேல் வாங்குங்கள்.

அறையை ஏ.சி. போட்டு 25 பாகை அளவில் வைத்திருப்பதும் ஆடம்பரம் அல்ல. சுற்றுப்புறம் சூடாக இருந்தால் இயந்திரம் 94இலிருந்து 52க்கு இறங்க அதிக நேரம் எடுக்கும். அந்த இறக்கத்தின் வேகமும் பட்டை வரிசையை மாற்றும். மூடி 105 பாகையில் இருக்க வேண்டும். எட்டுக் குழாய்தான் என்றால் நாலு மூலையிலும் வெற்றுக் குழாய் வைத்து மூடியின் அழுத்தத்தைச் சமப்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஓரக் குழாய்களில் நீர் ஆவியாகி, ஆறு மணிநேர முடிவில் 25இல் 15தான் மிஞ்சும். உப்புச் செறிவு ஏறியதால் வந்த பட்டைகளை ஐசோலேட்டின் குணம் என்று வாசிப்பீர்கள்.

ஜெல்

1.5 சதவீத அகரோஸ். 20 க்கு 15 சென்ரிமீற்றர் தட்டில் அரைச் சென்ரிமீற்றர் தடிப்புக்கு 150 மில்லிலீற்றர் போகும், அதற்கு 2.25 கிராம். சின்ன ஜெல் தொட்டி வேண்டாம். 7 சென்ரிமீற்றர் ஓட்டத்தில் 900 எழுத்துக்கும் 950 எழுத்துக்கும் வேறுபாடு தெரியாது, இந்த முறையில் அந்த வேறுபாடுதான் எல்லாம். மின்வாய்களுக்கிடையே 30 சென்ரிமீற்றர் என்றால் 100 வோற்று, ஏறத்தாழ 4 மணிநேரம். அரைச் செறிவு ரி.பி.ஈ. தாங்கற்கரைசல் நீண்ட ஓட்டத்துக்கு ரி.ஏ.ஈ.யைவிடத் தாக்குப்பிடிக்கும். சூடான அறையில் வேகமாக ஓட்டினால் நடு ஓடைகள் (ஒவ்வொரு மாதிரியும் ஓடும் தடங்கள்) முந்தி, ஓர ஓடைகள் பிந்தும். ஒரே ஐசோலேட்டை நடுவிலும் ஓரத்திலும் போட்டால் இரண்டு வகைபோலத் தெரியும். தாங்கற்கரைசலைக் குளிரூட்டி ஊற்றினால் பெருமளவு தீரும். அளவுக்கோல் டி.என்.ஏ. (நீளம் தெரிந்த துண்டுகளின் கலவை) மூன்று ஓடைகளில் வேண்டும்: இரு ஓரமும் நடுவும். ஓர் ஓடையை மிச்சம் பிடிக்க ஒன்றோடு நிறுத்துபவர்கள், பிறகு கணினியில் நேராக்க முடியாமல் தவிப்பார்கள்.

ஒவ்வொரு ஜெல்லிலும் ஒப்பீட்டுக்கான நிலையான வகையான ஏ.ரி.சி.சி. 25922 ஈ.கோலையும், டி.என்.ஏ. சேர்க்காத வெற்றுக் குழாயும் இருக்க வேண்டும். வெற்றுக் குழாயில் மங்கலான பட்டைகள் தெரிந்தால் உடனே பிப்பெற்றைச் சந்தேகிக்க வேண்டாம். விற்பனையில் உள்ள டாக்கில் பெரும்பாலானது ஈ.கோலையில் வளர்த்து எடுக்கப்படுவது, அதன் டி.என்.ஏ. சிறிதளவு கூடவே வரும், எரிக் பிரைமர் அதையும் பெருக்கும். சுற்றை 35, 40 என்று ஏற்றக்கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம். அந்த மங்கல் பட்டைகளின் இடத்தைக் குறித்துவைத்து, எல்லா ஓடைகளிலும் அவற்றை எண்ணாமல் விடலாம்.

நம் ஊர் மாதிரிகளோடு எப்படி

உப்புவெளி, நிலாவெளிக் கிணறுகளில் இருந்து எடுத்த ஈ.கோலைக்குச் சோடி நன்றாக வேலை செய்யும். ஒரு கொலனியை 100 மைக்ரோலீற்றர் நீரில் கரைத்து 10 நிமிடம் கொதிக்கவைத்து, மையநீக்கியில் சுற்றி மேல்நீரை எடுத்தாலே போதும். ஆனால் எந்தக் கேள்விக்கு? இரண்டு கிணற்றிலும் ஒரே வகை ஈ.கோலை இருக்கிறதா என்பதற்கு. பக்கத்து விடுதியின் மலக்குழிதான் காரணம் என்று நிறுவ இது போதாது. ஒரு குழியிலேயே டசின் கணக்கில் ஈ.கோலை வகைகள் இருக்கும். அங்கிருந்து ஐந்து கொலனியும் கிணற்றிலிருந்து ஐந்து கொலனியும் எடுத்துப் பொருந்தவில்லை என்றால், தொடர்பில்லை என்று அர்த்தமில்லை. பொருந்தினால் அது பேசத் தகுந்த செய்தி. ஒரே மாதிரியிலிருந்து வந்த ஒரே வரிசைகளை ஒன்றாகவே எண்ண வேண்டும். பத்தாக எண்ணி விழுக்காடு போடும் அறிக்கைகள் உண்டு, அவற்றைத் தள்ளிவிடலாம்.

கொட்பே துறைமுகத்து மீனிலிருந்தும் கொட்டியாரக்குடா இறாலிலிருந்தும் வரும் விப்ரியோக்கள் என்ற கடற்பற்றீரியாக்களோடு வேறு சங்கடம். கடலுப்பு பி.சி.ஆரைத் தடுக்கும் என்று காய்ச்சி வடித்த நீரில் கழுவினால், உப்புக்குப் பழகிய கலங்கள் வெடித்து டி.என்.ஏ. எல்லாம் கழுவிய நீரோடு போய்விடும். உப்புத் தாங்கற்கரைசலில் இருமுறை கழுவி, கடைசியில் மட்டும் நீரில் கரைத்து உடனே கொதிக்கவையுங்கள். உடனே என்பது முக்கியம்: விப்ரியோக்கள் டி.என்.ஏ.யை வெட்டும் நொதியங்களை வெளிவிடுபவை. கொதித்த சாற்றை மேசையில் விட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். நேரே ஐஸுக்கு.

கிண்ணியா, மூதூர் எருமைத் தயிரில் இருந்து எடுக்கும் லக்ரோபசிலசுக்கு இந்தச் சோடியை வாங்க வேண்டாம். பட்டை வரும், அரைகுறைப் பொருத்தத்தால். ஆனால் வேறுபடுத்தும் ஆற்றல் சுமார்தான். அதற்கு ஜிரிஜி ஐந்துமுறை அடுத்தடுத்து வரும் 15 எழுத்துத் தனிப் பிரைமர் இருக்கிறது. 40 பாகையில் ஒட்டவைக்க வேண்டும். லக்ரோபசிலசு இனங்களைப் பிரிக்க அது உதவும் என்று 2001இல் விரிவாகக் காட்டப்பட்டது. விலையும் குறைவு. அங்கே வேலை பிரைமரில் இல்லை, கலத்தை உடைப்பதில்: தடித்த கலச்சுவர் வெறும் கொதிப்புக்கு மசியாது. லைசோசைம் 20 மில்லிகிராம் மில்லிலீற்றருக்கு, 37 பாகையில் ஒரு மணிநேரம், அதன் பிறகே கொதிப்பு. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் எடுக்கும் பசிலசு வகைகளுக்கும் இதே பாடுதான். வித்தி உருவாகும் முன், இளம் வளர்ப்பிலிருந்து எடுங்கள்.

வாசிப்பது

இரு ஓடைகளின் ஒற்றுமைக்கு டைஸ் கெழு: பொதுப் பட்டைகளின் இரட்டிப்பை மொத்தப் பட்டைகளால் வகுப்பது. ஒன்றில் 10, மற்றதில் 9, பொது 9 என்றால் 18ஐ 19ஆல் வகுக்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 95 சதவீதம். ஜெல்ஜே என்ற இலவச மென்பொருள் இதையும் கிளைவரைபடத்தையும் செய்துதரும். ஆனால் எத்தனை சதவீதத்துக்கு மேல் ஒரே வகை என்பதை எந்தக் கட்டுரையிலும் தேடாதீர்கள். ஒரே டி.என்.ஏ.யை இரண்டு தனிக் குழாயில் ஓட்டுங்கள். அவை தமக்குள் 92 சதவீதம்தான் ஒத்தால், 92க்கு மேல் ஒத்துப்போகும் ஓடைகளுக்கு இடையே எந்த வேறுபாட்டையும் நீங்கள் பேச முடியாது. 1995இல் டெனோவர் குழு வகுத்த, மூன்று பட்டைக்குள் வேறுபட்டால் நெருங்கிய உறவு என்ற அளவுகோலை இங்கே கொண்டுவருபவர்களும் உண்டு. அது மரபுத்தொகையை நொதியத்தால் வெட்டி, துடிப்பு மின்புலத்தில் பெரிய துண்டுகளை ஓட்டும் முறைக்கானது. எரிக்குக்குப் பொருந்தாது.

இரண்டு ஜெல்களை ஒப்பிடுவதைத் தவிருங்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் எடுத்த எரிக் படத்தையும் இங்கே எடுத்ததையும் அருகில் வைத்து ஒன்று என்பது வீண்வேலை. டாக்கின் தொகுதி மாறினாலே, அதே மேசையில், அதே கையில், வரிசையில் ஒன்றிரண்டு பட்டை மாறும். ஆகவே ஒரு கேள்விக்கான ஐசோலேட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, ஒரே நாளில், ஒரே கலவையில், ஒரே ஜெல்லில் ஓட்டுங்கள். இருபது ஓடைச் சீப்பென்றால் அளவுக்கோலுக்கு மூன்று, கட்டுப்பாடுகளுக்கு இரண்டு, இரட்டித்த ஐசோலேட் ஒன்றுக்கு இரண்டு. கேள்விக்கு மிஞ்சுவது பதின்மூன்று.

மாற்றுகள்

ரெப் பிரைமர் சோடியில் ஐனோசின் (பல எழுத்துகளோடும் சேரக்கூடிய மாற்றுக் காரம்) உண்டு. ஓடர் படிவத்தில் சாதாரண எழுத்தாகத் தட்டச்சிட்டால் ஏற்காது; தனி மாற்றமாகக் குறிக்க வேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும். ஒட்டும் வெப்பநிலை 40 என்பதால் எரிக்கைவிட இன்னும் அசைந்தாடும். பரிந்துரைக்க மாட்டோம்.

பொக்ஸ் ஏ1ஆர் வேறு கதை. ஒரே பிரைமர், 22 எழுத்து, ஜியும் சியும் 15. 5' முனையிலிருந்து: சிரிஏ சிஜிஜி சிஏஏ ஜிஜிசி ஜிஏசி ஜிசிரி ஜிஏசி ஜி. சூடோமோனாசு, சந்தோமோனாசு, ஸ்ரெப்ரோமைசிசு போன்ற ஜிசி மிகுந்த பற்றீரியாவுக்கு எரிக்கைவிடச் செழிப்பான வரிசை தருகிறது. 53 பாகையில் ஒட்டவைத்து, மற்றதெல்லாம் எரிக் நிரலைப் போலவே ஓட்டலாம். இரண்டையும் 52இலேயே ஒரே ஓட்டத்தில் வைத்தாலும் வேலை நடக்கும். தம்பலகாமத்து வயல்களில் நெல் இலைக்கருகல் நோய்க்கான சந்தோமோனாசு போன்ற பயிர் நோய்க் கிருமிகளைப் பார்ப்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

நீதிமன்றத்துக்கோ, நாடளாவிய நோய்த்தொற்று விசாரணைக்கோ போகும் முடிவென்றால் இவை எதுவும் வேண்டாம். முழு மரபுத்தொகை வாசிப்புக்கு அனுப்புங்கள். உணவுவழித் தொற்றுகளைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் பல்ஸ்நெட் வலையமைப்பே 2019இல் துடிப்பு மின்புல முறையை விட்டு அங்கே போய்விட்டது. எரிக்கின் இடம் அதற்கு முன்னால்: நாற்பது ஐசோலேட்டில் எந்த ஆறை வாசிப்புக்கு அனுப்பிப் பணம் கட்டுவது என்று தெரிவு செய்வதற்கு.

விலைக்கும் தாங்கும் தன்மைக்கும் ஐந்துக்கு ஐந்து. நேரத்துக்கு இரண்டு. வேறு ஆய்வுகூடத்தோடு ஒப்பிட ஒன்று, அதுவும் தாராளம். முதன்முறை வாங்குபவர்கள் எரிக் இரண்டையும் பொக்ஸ் ஏ1ஆரையும் ஒரே ஓடரில் சேர்த்து எடுத்தால் அனுப்பும் செலவு ஒன்றுதான். கூடவே ஒரே தொகுதி எண்ணுள்ள மாஸ்டர் மிக்ஸ், திட்டமிட்ட தாக்கங்களுக்குப் போதுமான அளவு, ஒரே தடவையில் கேளுங்கள். முகவர் பாதியை இப்போதும் மீதியைப் பிறகும் அனுப்புவதாகச் சொன்னால், தொகுதி எண் மாறாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.